புத்தகத்தை மூடிய பின்னரே படிப்பு
உயிரியல் பரீட்சைக்குத் தோற்றும் மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும்

பரீட்சைக் காலம் நெருங்குகையில் எம்மவர் இல்லங்களில் ஒருவித அமைதி குடிகொண்டுவிடுகின்றது. தொலைக்காட்சி அணைக்கப்படுகின்றது. விருந்தினர் வருகை குறைகின்றது. கோயில்களில் பிள்ளைகளின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனைகள் பெருகுகின்றன. மேல்மாடி அறையின் விளக்கு நள்ளிரவு கடந்தும் எரிகின்றது. "பிள்ளை படிக்குது" என்று தாயார் குரலைத் தாழ்த்திச் சொல்கின்றார். அந்த அறையினுள் நடைபெறுவது உண்மையிலேயே படிப்புத்தானா என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

நாம் விஞ்ஞான ஆசிரியர் அல்லோம். ஊரில் தமிழும் சரித்திரமும் கற்பித்த கலைப் பட்டதாரி. இங்கிலாந்துக்கு வந்த பின்னர், வார இறுதி நாட்களில் எம்மவர் பிள்ளைகள் படிக்கும் முறையை அருகிருந்து அவதானிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. உழைப்பில் இப்பிள்ளைகள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். உயிரியல் நூலின் பக்கங்கள் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு ஆகிய மூன்று நிறங்களில் கோடிடப்பட்டிருக்கும். குறிப்புப் புத்தகத்தில் அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில் அதே வசனங்கள் மீண்டும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த நூலை மூடிவைத்து, "சாப்பிட்ட பின்னர் குருதியிலுள்ள வெல்லத்துக்கு என்ன நிகழ்கின்றது?" என்று வினவினால், "தெரியும், ஆனால் சொல்ல வருகுதில்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

சொல்ல வராத அறிவு பரீட்சைத் தாளில் எழுதவும் வராது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது இந்த ஒன்றைத்தான். நூலைத் திறந்து வைத்திருக்கும் நேரம் ஆயத்தம் மட்டுமே. நூலை மூடிவிட்டு, வாசித்ததை நினைவிலிருந்து வெளியே எடுக்க முயலும் நேரமே படிப்பு ஆகும்.

முதலில் பரீட்சையை அறிவோம்

எதிரியின் படைபலம் அறியாது போருக்குப் போவாரில்லை. ஆயினும், தம் பிள்ளை எழுதவிருக்கும் பரீட்சையின் அமைப்பை அறியாத பெற்றோர் எம்மிடையே பலர் உள்ளனர்.

இங்கிலாந்தில் 11ஆம் ஆண்டின் முடிவில் நடைபெறும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் விஞ்ஞானத்தை இரு வழிகளில் படிக்கலாம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகப் படித்து மூன்று சித்திகள் பெறுவது ஒரு வழி. மூன்றையும் ஒன்றிணைத்த விஞ்ஞானமாகப் படித்து இரு சித்திகள் பெறுவது மற்றைய வழி. ஒவ்வொன்றிலும் அடிப்படை மட்டம், உயர் மட்டம் என இரு மட்டங்கள் உண்டு. தனி உயிரியலின் அடிப்படை மட்டத்தில் பெறக்கூடிய மிகக் கூடிய தரம் 5 ஆகும். விஞ்ஞானப் பாடங்களுக்கு 2018ஆம் ஆண்டு முதல் எழுத்துக்களுக்குப் பதிலாக 9 முதல் 1 வரையான எண்களே தரங்களாக வழங்கப்படுகின்றன. இதில் 9 என்பதே உச்சம். "ஒன்று" எடுத்தால் முதலாம் இடம் என்று எண்ணிவிடலாகாது.

பரீட்சையை நடத்தும் சபைகளும் பல. அவற்றுள் ஏ.கியூ.ஏ. என்னும் சபையின் தனி உயிரியலை உதாரணமாகக் கொள்வோம். அதில் இரு வினாத்தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மணி 45 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள். முதலாம் தாளில் கலங்கள், உடலின் ஒழுங்கமைப்பு, நோய்த்தொற்று, ஒளித்தொகுப்பும் சுவாசமும் இடம்பெறுகின்றன. இரண்டாம் தாளில் உடலின் சமநிலை பேணல், பரம்பரையும் கூர்ப்பும், சூழலியல் ஆகியன இடம்பெறுகின்றன.

இவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. மொத்தப் புள்ளிகளில் ஏறத்தாழ 40 வீதம் மட்டுமே பாடத்தை அறிந்திருத்தலுக்கும் விளங்கியிருத்தலுக்கும் உரியது. இன்னுமொரு 40 வீதம் அவ்வறிவைப் புதியதொரு சந்தர்ப்பத்தில் பிரயோகிப்பதற்கு உரியது. எஞ்சிய 20 வீதம் தரவுகளை ஆராய்ந்து முடிவு கூறுவதற்கு உரியது. புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மனனம் செய்த பிள்ளைகூட, பரீட்சையின் பாதிக்கு மேற்பட்ட பகுதிக்கு ஆயத்தமாகவில்லை என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது.

ஆகவே, பெற்றோர் பாடசாலையிடம் கேட்டறிய வேண்டிய கேள்விகள் மூன்று: எந்தச் சபை? எந்த மட்டம்? தனிப் பாடங்களா, இணைந்த பாடமா? அண்மையில் இந்நாட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் இடர்ப்படும் பிள்ளையாயின், இருமொழி அகராதி போன்ற ஏற்பாடுகள் பொருந்துமா என்பதையும் பாடசாலையின் பரீட்சை அலுவலரிடம் முன்கூட்டியே விசாரித்தல் நன்று. பரீட்சைக்கு முதல் வாரத்தில் விசாரிப்பதில் பயனில்லை.

திரும்பத் திரும்ப வாசித்தல் ஏன் ஏமாற்றுகின்றது?

ஒரு பாடத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது அது இலகுவாக ஓடுகின்றது. கண் பழகிய வசனங்களைக் கண்டதும் "இது எனக்குத் தெரியும்" என்ற உணர்வு எழுகின்றது. அது முகம் பழகிய ஒருவரை வீதியில் கண்டு தலையசைப்பது போன்றது. அவருடைய பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டால் தெரியாது. பரீட்சை கேட்பதோ பெயரையும் ஊரையும்தான்.

ஜேர்மனிய அறிஞர் ஹேர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவற்றை எவ்வளவு விரைவில் மறக்கின்றார் என்று அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மறதி முதல் மணித்தியாலங்களிலேயே மிக வேகமாக நிகழ்கின்றது என்பதும், பின்னர் அதன் வேகம் தணிகின்றது என்பதும் அவர் கண்ட முடிவு. ஒரு நாள் கழிந்தபின், முன்னர் மனனம் செய்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் பயனே எஞ்சியிருந்தது.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை ஒன்று எமது பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துவதாகும். ஒரு பகுதி மாணவர் ஒரு கட்டுரையை நான்கு தடவை படித்தனர். இன்னொரு பகுதியினர் அதனை ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, தாளைப் பாராது, நினைவில் நின்றதை மூன்று தடவை எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது, நான்கு தடவை படித்தவர்களே முன்னணியில் நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகியது. நான்கு தடவை படித்தோர் நினைவுகூர்ந்தது ஏறத்தாழ 40 வீதம். ஒரு தடவை படித்து மூன்று தடவை நினைவுகூர்ந்தோர் சொன்னதோ ஏறத்தாழ 61 வீதம். இதில் வேடிக்கை என்னவெனில், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியிருந்தோர் நான்கு தடவை படித்தவர்களே ஆவர்.

2013ஆம் ஆண்டில் டன்லோஸ்கி என்னும் உளவியலாளரும் அவருடன் சேர்ந்தோரும் மாணவர் கையாளும் பத்து முறைகளை ஆராய்ந்து வரிசைப்படுத்தினர். கோடிடுதலும் மீள வாசித்தலும் குறைந்த பயன் தருவன என்றும், தன்னைத்தானே சோதித்தலும் இடைவெளி விட்டுப் படித்தலும் மிகுந்த பயன் தருவன என்றும் அவர்கள் கண்டனர்.

எமது முன்னோர் அறிந்ததே

இது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த மந்திரம் என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், பாடம் கேட்கும் முறை விரித்துரைக்கப்பட்டுள்ளது. கேட்டதை மீளச் சிந்தித்தல், ஆசிரியரை அணுகி மறுபடியும் கேட்டல், உடன் கற்போருடன் பயிலுதல், வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடையிறுத்தல் ஆகியவற்றை அவர் மாணவனின் கடமைகளாக வகுக்கின்றார். அத்துடன் ஒரு கணக்கும் சொல்கின்றார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு அறிவே. உடன் கற்போருடன் பழகுவதால் இன்னொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும்.

வாரம் ஐந்து ரியூசன் வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கும் பெற்றோர் இக்கணக்கை ஒருகணம் சிந்தித்தல் வேண்டும். நல்ல ஆசிரியர் அமைந்த வகுப்பானாலும் அங்கு கிடைப்பது முதற் காற்பங்கே. மீதி முக்காற்பங்கும் வீட்டிலும் நண்பர் மத்தியிலுமே உள்ளன.

விஞ்ஞானம் அறியாத தாயும் வினாவலாம்

"எனக்கு இங்கிலீசும் தெரியாது, சயன்சும் தெரியாது. நான் என்னெண்டு பிள்ளைக்கு உதவி செய்யிறது?" என்று தாய்மார் எம்மிடம் மனம் வருந்திக் கேட்பதுண்டு. எமது துணிபு வேறு. பிள்ளைக்கு அவர் செய்யக்கூடிய உதவியை ரியூசன் ஆசிரியராலும் செய்ய இயலாது.

எமக்குத் தெரிந்த ஒரு தாயார் பேரங்காடியொன்றில் பகல் முழுவதும் நின்று வேலை செய்பவர். மாலையில் சமையல் செய்யும்போது, அன்று படித்த ஒன்றைத் தமிழில் தமக்கு விளக்கும்படி மகளைக் கேட்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். ஒருநாள் மகள் ஒஸ்மோசிஸ் என்பதை விளக்கினாள். செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்கு மென்சவ்வினூடாக நீர் செல்கின்றது என்று, புத்தகத்தில் உள்ளவாறே, தடையின்றிச் சொன்னாள். தாயார் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் பிள்ளை, தண்ணி மட்டும் போகுது, சீனி ஏன் இந்தப் பக்கம் வரேல்லை?" என்று கேட்டார்.

மகளுக்கு விடை தெரியவில்லை. மாடிக்குச் சென்று நூலைப் புரட்டினாள். அச்சவ்வு எல்லாவற்றையும் விடாது, சிறிய மூலக்கூறுகளையே விடும் என்பதும், நீரின் மூலக்கூறு சிறியது, வெல்லத்தின் மூலக்கூறு பெரியது என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தன. வரைவிலக்கணத்தில் "பகுதியாக ஊடுபுகவிடும்" என்றிருந்த சொற்றொடரை அவள் பலமுறை எழுதியிருந்தாள். அதன் பொருளை அன்றுதான் கண்டாள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தாயாருக்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் நேர்மையே போதுமானதாயிற்று.

தமிழில் விளக்குவதால் ஆங்கிலப் பரீட்சைக்கு என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். ஒரு மொழியில் மனனம் செய்த வசனத்தை மற்றொரு மொழியில் அப்படியே ஒப்புவிக்க இயலாது. கருத்து விளங்கினாலன்றி வசனம் பிறவாது. ஆகையால் மொழி மாறும் இடத்திலேயே விளங்காமை வெளிப்பட்டுவிடுகின்றது. இலங்கையில் சாதாரண தரம் வரை தமிழில் விஞ்ஞானம் படித்த பெற்றோருக்கு இன்னொரு வசதியும் உண்டு. போட்டோசிந்தெசிஸ் என்று பிள்ளை சொல்லும்போது, தாம் படித்த ஒளித்தொகுப்பு என்ற சொல்லைத் தந்தையார் எடுத்துக் கொடுக்கலாம். ஒளியைக்கொண்டு தொகுத்தல் என்று அச்சொல்லே பாடத்தைச் சொல்லிவிடுகின்றது. குறோமோசோம் என்பதற்கு நிறமூர்த்தம் என்றே நாம் ஊரில் படித்தோம். நிறமேற்கும் உருவம் என்பதே கிரேக்க மூலத்தின் பொருளும் ஆகும்.

இவ்வழி எமக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் எம்மவருக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென மருத்துவ நூல்கள் தமிழில் ஆக்கப்பட்டன. உடற்கூறும் மருந்தும் தமிழில் விளக்கப்படத்தக்கவை என்பது அன்றே நிறுவப்பட்ட உண்மை. ஆனால் விளக்கம் தமிழில் முடிந்தபின், அதே விடையை ஆங்கிலத்தில், பாடத்திட்டத்திலுள்ள சொற்களைக்கொண்டு எழுதிப் பார்த்தல் கட்டாயமாகும். புள்ளி கிடைப்பது அவ்வெழுத்துக்கே.

ஐந்து அறைப் பெட்டி

மறதியை வெல்வதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. செபஸ்தியான் லைட்னர் என்பவர் 1970களில் ஜேர்மன் மொழியில் எழுதிய நூலொன்றின் மூலம் பரவிய முறை இது. சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து, மட்டையால் ஐந்து அறைகளாகப் பிரிக்க வேண்டும். சிறிய அட்டைகளின் ஒரு பக்கத்தில் வினாவையும் மறுபக்கத்தில் விடையையும் எழுத வேண்டும். எல்லா அட்டைகளும் முதலாம் அறையில் தொடங்கும். விடை சரியாயின் அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். பிழையாயின், எந்த அறையில் இருந்தாலும் முதலாம் அறைக்குத் திரும்பும். முதலாம் அறையை நாள்தோறும், இரண்டாம் அறையை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாம் அறையை வாரமொருமுறை, நான்காம் அறையை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் அறையை மாதமொருமுறை பார்த்தால் போதுமானது. தெரிந்ததையே படித்து மகிழும் பழக்கம் இதனால் ஒழிகின்றது. தெரியாத பாடங்களுக்கே நேரம் தானாகச் செல்கின்றது.

அட்டை எழுதுவதில் இரு விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு வினா மட்டுமே இருத்தல் வேண்டும். மறுபக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னர் விடையை வாயால் சொல்ல வேண்டும், அல்லது எழுத வேண்டும். மனத்துள் "தெரியும்" என்று சொல்லிக்கொண்டு அட்டையைத் திருப்புவது பழைய ஏமாற்றமே.

பரீட்சைகள் வழமையாக மே மாதத்தில் தொடங்கி யூன் மாதத்தில் முடிகின்றன. மாசி மாதத்திலேனும் இப்பெட்டியைத் தொடங்கினால், ஒவ்வொரு பாடத்தையும் இடைவெளி விட்டுப் பலமுறை சந்திக்க நேரம் இருக்கும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் இதற்குப் போதும். கடைசி இரவில் பத்து மணி நேரம் விழித்துப் படிப்பதிலும் இருபது நாட்களில் அரைமணி வீதம் படிப்பது பன்மடங்கு நன்மை தரும். இரண்டிலும் செலவாகும் நேரம் ஒன்றே.

ஒரு சொல்லால் இழக்கும் புள்ளி

உயிரியலில் ஒலியால் நெருங்கி, பொருளால் விலகிய சொற்கள் பல உள. குளுக்கோஸ் என்பது குருதியில் ஓடும் வெல்லம். கிளைக்கொஜன் என்பது அவ்வெல்லம் ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் வடிவம். குளூக்ககொன் என்பது சேமித்ததை மீண்டும் வெல்லமாக்கத் தூண்டும் ஓமோன். இம்மூன்றையும் இடம்மாற்றி எழுதினால், கருத்து அறிந்திருந்தும் புள்ளி கிடையாது. அவ்வாறே மைற்றோசிஸ் என்னும் கலப்பிரிவில் ஒத்த இரு கலங்கள் தோன்றும். மையோசிஸ் என்பதில் நான்கு கலங்கள் தோன்றும். மனிதரில் 46 நிறமூர்த்தங்கள் 23 ஆகக் குறையும். சிறுநீரகத்திலிருந்து பைக்குச் செல்லும் குழாய் யூறீற்றர். பையிலிருந்து வெளியே செல்வது யூறீத்ரா. இத்தகைய சொற்களை இணை இணையாக ஒரே அட்டையில் எதிரெதிரே எழுதி, வேறுபாட்டையே வினாவாக்கிக்கொள்ளல் வேண்டும்.

இன்னொரு உதாரணம் நொதியங்கள் பற்றியது. வெப்பம் மிகக் கூடினால் நொதியத்தின் தொழிற்பாடு ஏன் குறைகின்றது என்ற வினாவுக்கு, "நொதியம் இறந்துவிடுகின்றது" என்று எழுதும் பிள்ளைகள் பலர். நொதியம் ஓர் உயிரன்று, புரதம். ஆகவே அது இறப்பதில்லை. அதன் வடிவம் மாறுகின்றது. அதனால் வினைபடும் பொருள் நொதியத்திலுள்ள பள்ளத்தில் பொருந்தாது போகின்றது. பூட்டின் துவாரம் நெளிந்துவிட்டால் திறப்பு நுழையாதது போன்றது இது. வடிவம் மாறுதல், பொருந்தாமை ஆகிய இரண்டையும் எழுதினாலே விடை நிறைவுறும்.

வினாவின் ஏவற்சொல்லையும் கவனித்தல் வேண்டும். ஒரு வரைபைத் தந்து "விவரி" என்று கேட்டால், வளைகோடு எதுவரை உயர்ந்தது, எங்கே இறங்கியது என்று, எண்களுடன், கண்டதைச் சொன்னால் போதும். "விளக்கு" என்று கேட்டால் ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். விவரி என்ற இடத்தில் காரணமும், விளக்கு என்ற இடத்தில் விவரணமும் எழுதி, பக்கம் நிரப்பியும் புள்ளி பெறாத மாணவர் பலரை நாம் கண்டுள்ளோம்.

குசினியும் ஓர் ஆய்வுகூடமே

தனி உயிரியலின் மொத்தப் புள்ளிகளில் குறைந்தது 15 வீதம் செய்முறை சார்ந்த வினாக்களுக்கும், குறைந்தது 10 வீதம் கணிதத்துக்கும் உரியன. இவற்றை வெறும் வாசிப்பால் வெல்ல இயலாது. ஆனால் இவற்றிற்கான உதாரணங்கள் எமது வீட்டிலேயே உள்ளன. பாகற்காய்க்கு உப்புப் பிரட்டி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விடுகின்றதே, அது ஒஸ்மோசிஸ். சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கின்றதே, அது உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதியம் மாப்பொருளை வெல்லமாக்கும் செயல். உறை குத்திய பால் தயிராவது பற்றீரியாவின் வேலை. வீட்டில் எவரேனும் நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பாராயின், இன்சுலின் பற்றிய பாடம் அவருடைய மருந்துப் பெட்டியிலேயே தொடங்குகின்றது. தெற்காசிய மக்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு கூடுதலாகக் காணப்படுவதால், பிள்ளை அதனைக் கற்பது பரீட்சைக்கு மட்டும் உதவுவதன்று.

கணிதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. உருளைக்கிழங்குத் துண்டொன்று 4.0 கிராமிலிருந்து 4.6 கிராமாகக் கூடினால், கூடியது 0.6 கிராம். அதனைத் தொடக்க நிறையாகிய 4.0ஆல் வகுத்து நூறால் பெருக்க, 15 வீதம். ஏன் வீதத்தில் சொல்ல வேண்டும்? துண்டுகள் எல்லாம் ஒரே நிறையில் தொடங்கியிரா. ஆகவே வீதத்தில் சொன்னாலே நியாயமாக ஒப்பிடலாம். இந்த "ஏன்" என்பதையும் வினாத்தாள் கேட்கும். அவ்வாறே நுணுக்குக்காட்டியில் 400 மடங்கு பெருப்பித்த படத்தில் ஒரு கலம் 40 மில்லிமீற்றர் நீளமாயின், உண்மை நீளம் 0.1 மில்லிமீற்றர், அதாவது 100 மைக்கிரோமீற்றர். கலைப் பட்டதாரியாகிய எமக்கே விளங்கும் இக்கணக்கு, பயிற்சியுள்ள எந்தப் பிள்ளைக்கும் எட்டக்கூடியதே.

கடந்தகால வினாத்தாள்கள்

பரீட்சைச் சபைகள் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டங்களையும் பரீட்சகர் அறிக்கைகளையும் தமது இணையத்தளங்களில் இலவசமாகவே வெளியிடுகின்றன. இவற்றைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முதலில் ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய வினாக்களைத் தனித்தனியே செய்ய வேண்டும். பின்னர் முழு வினாத்தாளை நேரம் குறித்துச் செய்ய வேண்டும். 105 நிமிடத்தில் 100 புள்ளிகள் எனில், ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே உண்டு. இரு புள்ளி வினாவில் பத்து நிமிடம் தங்கிவிடும் பிள்ளை, இறுதியில் உள்ள ஆறு புள்ளி வினாவை இழக்கின்றது.

செய்து முடித்தவுடன் திட்டத்தைப் பார்த்துத் தானே புள்ளியிடல் வேண்டும். தனக்கு இரக்கம் காட்டலாகாது. "இதைத்தான் நான் நினைத்தேன்" என்பதற்குப் பரீட்சகர் புள்ளி தருவதில்லை. இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் காரணத்தை அருகே குறித்தல் வேண்டும். பாடம் தெரியவில்லையா, வினாவைச் சரியாக வாசிக்கவில்லையா, சொல் தவறியதா? பாடம் தெரியாதது அட்டையாகிப் பெட்டியினுள் செல்லட்டும். மற்றையவை கவனத்தால் திருந்தும்.

பெற்றோரின் பங்கு

13 முதல் 18 வயது வரையானோர் எட்டு முதல் பத்து மணி நேரம் உறங்குதல் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் அறிவுரை. பகலில் கற்றது உறக்கத்தின்போதே நினைவில் உறுதிப்படுகின்றது. விடியப்புறம் நான்கு மணிக்கு எழுப்பிவிடும் எமது ஊர் வழக்கம் நல்லதே. ஆனால் ஊரில் எட்டரை மணிக்குப் படுத்தோம் என்பதையும் மறந்துவிடலாகாது. கைத்தொலைபேசி படிக்கும் அறையில் இல்லாதிருப்பதும் அவசியம். அவ்விதி பிள்ளைக்கு மட்டும் இருந்து தந்தையார் வரவேற்பறையில் அதனையே பார்த்துக்கொண்டிருப்பின் பயனில்லை.

இறுதியாக, சொல்வதற்குக் கடினமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எம்மவரில் பலர் படிப்பை இடைநடுவில் விட்டுவிட்டு உயிர் தப்பி வந்தவர்கள். பெற்றோல் நிலையத்திலும் உணவகத்திலும் இரவுபகலாய் உழைக்கும் தந்தையின் உள்ளத்தில், தாம் இழந்த படிப்பைப் பிள்ளை மீட்டுத் தரவேண்டும் என்ற ஏக்கம் இருப்பது இயல்பே. ஆனால் அவ்வேக்கம், "இன்னாரின் மகன் மெடிசின் போயிட்டான்" என்ற ஒப்பீடாக வெளிவரும்போது, பிள்ளை தனக்குத் தெரியாததை மறைக்கப் பழகுகின்றது. தெரியாததை மறைக்கும் பிள்ளை தன்னைச் சோதிக்க அஞ்சும். சோதிக்க அஞ்சும் பிள்ளை மீண்டும் நிறப்பேனையை எடுத்துக்கொண்டு கோடிடத் தொடங்கிவிடும். நாம் மேலே கூறிய முறைகள் யாவும், பிழை விடுவதற்குப் பயப்படாத பிள்ளைக்கே பயன்படும். வீட்டில் விட்ட பிழை பரீட்சையில் திருந்திய விடையாகும். ஆகவே பிழைத்த விடைக்கு ஏச்சு விழாத வீடாக எமது வீடு இருத்தல் வேண்டும்.

பெற்றோரே, "படிச்சியோ?" என்ற கேள்வியை இவ்வாரம் விட்டுவிடுங்கள். அதற்கு "ஓம்" என்ற ஒற்றை விடைதான் உண்டு. "இண்டைக்குப் படிச்சதில ஒண்டை எனக்கு விளங்கப்படுத்து பாப்பம்" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் அமர்ந்து, முடியும்வரை பொறுமையாகக் கேளுங்கள். விளங்காத இடத்தில் "ஏன்?" என்று ஒரு சொல் போதும். மாணவச் செல்வங்களே, அந்த "ஏன்" உங்களைத் தடுமாற வைக்குமாயின் மனம் சோர வேண்டாம். அடுத்துப் படிக்க வேண்டிய இடம் எது என்று அது காட்டித் தருகின்றது.